மறு: புல் ரிக்வெஸ்ட் – ‘நிரல் முன்வைப்பு’ எனும் பரிந்துரை

குழுவினர் அனைவர்க்கும் வணக்கம்.

வலைப்பக்கங்களில் நிலப்படம் காட்ட உதவும் லீஃப்லெட் நிரலகத்துக்குப் பங்களிக்க விரும்புவோருக்காக நாம் எழுதிவரும் கையேட்டில் ‘புல் ரிக்வெஸ்ட்’ என்பதை எவ்வாறு குறிப்பது என்ற கேள்விக்கு, ‘இழுவைக் கோரிக்கை’, ‘இணைப்புக் கோரிக்கை’, ‘அரங்கேற்றம்’ என மூன்று சொற்கள் இவ்விழையில் வந்துள்ளன. அவற்றை வரைவின் வாக்கியங்களில் இட்டுப் படித்துப் பார்த்தேன். எதுவும் இயல்பாக அமையவில்லை என்பதால் ‘நிரல் முன்வைப்பு’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன்.

முதலில் அந்தச் செயல் என்னவென்று பார்ப்போம். வொலோடிமிர் அகாஃபொன்கின் உருவாக்கி 2011இல் வெளிவந்த லீஃப்லெட்டின் மூலநிரலை எவரும் படிக்கலாம், படியெடுக்கலாம், திருத்தலாம்; ஆனால் அந்நிரலை வைத்திருக்கும் முதன்மைக் களஞ்சியத்தில் எழுதும் உரிமை பராமரிப்பாளர்களுக்கு மட்டுமே உண்டு. எனவே வெளியிலிருந்து வருபவர் களஞ்சியத்தைத் தம் கணக்கில் படியெடுத்து, அதில் ஒரு கிளையை, அதாவது மாற்றங்களைத் தனியே செய்து பார்க்கும் தடத்தை, தொடங்கி, மாற்றத்தைச் செய்து, சோதனைகளை ஓட்டிப் பார்த்தபின், ‘இதைப் பார்த்து, ஏற்கத்தக்கதாயின் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று பராமரிப்பாளர்முன் வைக்கிறார். அவர்கள் வரிவரியாகப் படிக்கிறார்கள், கேள்வி கேட்கிறார்கள், திருத்தச் சொல்கிறார்கள். முடிவில் அது முதன்மைக் கிளையில் சேரலாம், சேராமலும் போகலாம்.

ஆங்கிலப் பெயரில் உள்ள ‘இழு’ என்பது பராமரிப்பாளரின் பக்கத்திலிருந்து பார்த்து இட்ட பெயர். 2005இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவுக்காக, நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்னும் கருவி எழுதப்பட்டபோது, ஒவ்வொரு பகுதியின் பொறுப்பாளரும் ‘என் களஞ்சியத்திலிருந்து இந்த மாற்றங்களை இழுத்துக்கொள்ளுங்கள்’ என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கு மின்மடல் அனுப்பும் வழக்கம் உருவாயிற்று. அம்மடலுக்கான சுருக்கத்தை ஆக்கித் தரும் கட்டளை கிட்டிலேயே உண்டு. கிட் களஞ்சியங்களை இணையத்தில் வைக்க 2008இல் தொடங்கிய கிட்ஹப் தளம் அப்பெயரை எடுத்துக்கொண்டு ஒரு பொத்தானாக்கியது. இந்த வரலாறு தெரியாத தமிழ் வாசகருக்கு ‘இழுவை’ என்றால் இழுபறியும் இழுத்தடிப்பும்தான் நினைவுக்கு வரும். (சில புல் ரிக்வெஸ்ட்கள் ஆண்டுக்கணக்கில் கிடப்பதைப் பார்த்தால் அப்பொருளும் முற்றிலும் தவறில்லை, ஆனால் புதியவரை வரவேற்கும் கையேட்டில் அது வேண்டாம்.)

‘இணைப்புக் கோரிக்கை’ என்பது கிட்ஹப் போன்ற மற்றொரு தளமான கிட்லேப் வழங்கும் ‘மெர்ஜ் ரிக்வெஸ்ட்’ என்பதற்கு நேராக வருகிறது. ஆனால் வலைப்பக்கச் சுட்டி, மடலோடு வரும் கோப்பு, வீட்டுக்கு வரும் மின்சாரம் ஆகிய எல்லாவற்றுக்கும் ‘இணைப்பு’ என்ற ஒரே சொல் ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருக்கிறது. அதைவிடப் பெரிய தடை, அது முடிவை முன்கூட்டியே பெயரில் வைத்துவிடுகிறது என்பது. லீஃப்லெட்டில் இது முக்கியம். சுருக்கிய நிலையில் ஏறத்தாழ 42 கிலோபைட்டு அளவே உள்ள அந்நிரலகம், கருவைச் சிறிதாக வைத்திருப்பதையே கொள்கையாகக் கொண்டு, பிற வசதிகளை, வேண்டுவோர் தனியே சேர்த்துக்கொள்ளும் செருகுநிரல்களுக்கு விட்டுவிடுகிறது. ஆகவே பிழையின்றி எழுதப்பட்ட ஒரு மாற்றமும்கூட ‘நன்று, ஆனால் இது செருகுநிரலாக இருக்க வேண்டியது’ என்ற மறுமொழியோடு மூடப்படலாம். இணையாமல் போவதும் அச்செயலின் இயல்பான முடிவுகளுள் ஒன்று.

‘அரங்கேற்றம்’ எனக்கு மிகவும் பிடித்தது என்பதை மறைக்கவில்லை. அவையோர்முன் நூலை வைத்து, தடைகளுக்கு விடை சொல்லி, ஏற்பைப் பெறும் பழைய மரபு இதற்கு மிக நெருக்கமானது. ஆனால் இன்று அச்சொல் நடன மேடைக்குரியதாகிவிட்டது. ஒரு காற்புள்ளியைத் திருத்துபவரிடம் ‘அரங்கேற்றம் செய்யுங்கள்’ என்றால் நகைப்பார்.

‘முன்வைப்பு’ என்பதில் ஒருவர் தருவதும் மற்றவர் ஆராய்வதும் அடங்குகின்றன. முடிவு திறந்தே இருக்கிறது. வினையாகவும் எளிதில் திரிகிறது: ‘மாற்றத்தை முன்வைத்தார்’, ‘வரைவு முன்வைப்பு’, ‘முன்வைப்பு ஏற்கப்பட்டது’, ‘முன்வைத்தவரே மூடிவிட்டார்’. சற்றுக் கடினமான சூழலிலும் சோதித்தேன். மேப்லிப்ரே போன்ற திசையன் நிலப்பட நிரலகங்கள் (படத்தைக் கோடுகளும் வடிவங்களுமான தரவாகப் பெற்று உலாவியில் வரைபவை) எழுத்துருக்களை 256 யூனிகோடு குறியெண்கள் கொண்ட தொகுதிகளாகப் பெற்று, உலாவியிலேயே ஒவ்வொன்றாக வரையும் முறையில் எழுந்தவை. தமிழ் எழுத்துகள் 2816 முதல் 3071 வரையிலான தொகுதியில் வருகின்றன. குறியெண் ஒவ்வொன்றையும் தனியே வரைந்தால், ‘கொழும்பு’ என்பதில் ககரத்துக்கு முன்னே வர வேண்டிய கொம்பு தன் இடத்துக்கு வராது. இந்திய எழுத்துகள் இவ்வாறு உடைவது நெடுநாள் அறிந்த குறை. லீஃப்லெட்டில் பெரும்பாலும் காட்டப்படும் படச்சில்லுகள் (நிலப்படத்தின் சிறு சதுரத் துண்டுகள்) வழங்கியிலேயே வரையப்பட்டு வருவதால் உலாவிக்கு அந்தத் தொல்லை இல்லை. மேப்லிப்ரே போன்றவற்றில் இக்குறையை, அதாவது எழுத்துகளைச் சரியான வடிவில் கோத்து வரையும் ‘எழுத்துக் கோவை’யை, திருத்துவது பற்றிக் கையேட்டில் இப்படி எழுதலாம்: ‘எழுத்துக் கோவையைத் திருத்தும் பணி ஒரே முன்வைப்பில் அடங்காது, முதலில் சிக்கலைப் பதிந்து, அணுகுமுறையைப் பராமரிப்பாளர்களோடு பேசி, சோதனைப் படங்களை ஒரு முன்வைப்பாகவும் வரைதல் மாற்றத்தை மற்றொன்றாகவும் அனுப்புக.’ இவ்விடத்தில் வேறு எச்சொல்லை இட்டாலும் வாக்கியம் கனக்கிறது.

எழக்கூடிய தடைகள் இரண்டு. படவில்லைகளோடு நிகழ்த்தும் உரையையும் சிலர் முன்வைப்பு என்பர்; அதனால்தான் முதல் முறை ‘நிரல் முன்வைப்பு’ என்றும் பிறகு ‘முன்வைப்பு’ என்றும் எழுதச் சொல்கிறேன். ஆவணத் திருத்தம் நிரலாகுமா என்று கேட்கலாம். லீஃப்லெட்டின் ஆவணங்களும் அதே களஞ்சியத்தில் அதே வழியில்தான் திருத்தப்படுகின்றன என்பதால் அதைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை.

களஞ்சியத்தைப் படியெடுப்பதைக் குறிக்கும் ‘ஃபோர்க்’ என்ற சொல்லையும் இதோடு முடித்துவிடலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு வேலை செய்கிறது. 2020 டிசம்பரில் மேப்பாக்ஸ் நிறுவனம் தன் ஜிஎல் நிலப்பட நிரலகத்தின் இரண்டாம் பதிப்பைத் திறமூல உரிமத்திலிருந்து விலக்கியபோது, பிஎஸ்டி என்னும் திறமூல உரிமத்தில் வந்த பழைய பதிப்பிலிருந்து மேப்லிப்ரே தனி வழியில் பிரிந்தது; அதற்குக் ‘கவை’ (இரண்டாகப் பிரியும் கிளை) பொருந்தும். முன்வைப்புக்காக ஒருவர் தம் கணக்கில் வைத்துக்கொள்வதோ பிரிவே அன்று. அது வெறும் ‘படி’. இரண்டையும் ‘கிளை’ என்று எழுதியுள்ள வரைவின் பகுதிகளை மாற்ற வேண்டும், ஏனெனில் ‘பிராஞ்ச்’ என்பதற்கு அச்சொல் நிலைத்துவிட்டது.

மறுப்புள்ளவர்கள் தங்கள் சொல்லை மட்டும் அனுப்பாமல், மேலே உள்ள எழுத்துக் கோவை வாக்கியத்தில் அதை இட்டு அனுப்பினால் ஒப்பிட எளிதாக இருக்கும். மறுப்பு வராவிடில் கையேட்டின் அடுத்த வரைவில் இச்சொல்லையே ஆள்கிறேன்.

அன்புடன்.