எல்லோருக்கும் g = 9.8 வருகிறது, என்ன செய்வது?

கேள்வி (பிளஸ்ஒன் வாத்தியார்):
அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன், வகுப்பில் 52 பேர். புவியீர்ப்பு முடுக்கம் (g) கண்டுபிடிக்கும் தனி ஊசல் சோதனையில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லோருக்கும் புத்தகத்தில் இருக்கும் 9.8 அப்படியே வருகிறது. எப்படி என்று பார்த்தால், விடையை முதலில் எழுதிவிட்டு 20 அலைவுக்கான நேரத்தைப் பின்னாலிருந்து கணக்குப் போட்டு அட்டவணையில் நிரப்புகிறார்கள் (அதற்கும் மூளை வேண்டும்தான்!). சொந்தமாக யோசிக்க வைக்க யாராவது ஏதாவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

ஊசல்:
சார், செய்முறையை முதலில் கொடுக்காதீர்கள். இரும்புக் குண்டுக்குப் பதிலாகத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: பாதித் தண்ணீரைக் கொட்டிவிட்டால் அலைவு நேரம் மாறுமா? பாட்டிலைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொருவரும் காரணத்தோடு எழுதித் தர வேண்டும். 'சூத்திரத்தில் நிறையே இல்லையே, மாறாது' என்றுதான் நிறையப் பேர் எழுதுவார்கள். ஊசல் நீளம் 1 மீட்டர், பாட்டிலில் 20 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் என்று வையுங்கள், பாதியைக் கொட்டினால் ஈர்ப்பு மையம் சுமார் 5 செ.மீ. இறங்கும், அந்த அளவுக்கு ஊசல் நீளமாகும், 20 அலைவுக்கு ஏறக்குறைய 1 விநாடி கூடும். ஸ்டாப்வாட்சிலேயே தெரியும். அப்புறம் சண்டை ஆரம்பிக்கும், அந்த நேரத்தில் நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. எனக்கு முதல் வருஷம் நாக்கு அரித்தது.

தென்காசி டீச்சர்:
கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் இப்படி ஒன்று செய்தபோது 'வகுப்பா சந்தையா' என்று தலைமையாசிரியர் வந்து நின்றார். போர்ஷனை யார் முடிப்பது?

ஊசல்:
எல்லாப் பாடத்துக்கும் வேண்டாம் டீச்சர், மாதம் ஒரு பீரியட் போதும். முக்கியமாக, தப்பாக ஊகித்தவனுக்கு மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள், குறைத்தால் மறுபடி 9.8தான்.

கடைசி பெஞ்ச்:
ஜெர்மனியின் ஆகென் பல்கலைக்கழகத்தில் செய்த 'ஃபைஃபாக்ஸ்' என்ற இலவச ஆப் இருக்கிறது. போனையே ஊசலாகத் தொங்கவிட்டு அலைவு நேரம் எடுக்கலாம். பிள்ளைகளிடம் போன் வேண்டாம், உங்கள் போன் ஒன்று போதும். கயிற்றை மட்டும் கெட்டியாகக் கட்டுங்கள்.

பிளஸ்ஒன் வாத்தியார்:
இன்று பாட்டிலைத் தொங்கவிட்டேன் சார். 52 பேரில் 41 பேர் 'மாறாது'. நேரம் கூடியதும் ஸ்டாப்வாட்ச் ரிப்பேர் என்று என் மேலேயே பழி! மூன்றாவது தடவை அளந்த பிறகுதான் ஒரு பெண் 'சார், நீளம் மாறியிருக்கு' என்றாள். மணி அடித்தும் போகாமல் நின்று, அடியில் ஓட்டை போட்டு ஆடவிட்டால் முதலில் மெதுவாகி, கடைசியில் பழைய வேகத்துக்கே வந்துவிடுமா என்று கேட்கிறாள். நான் பதில் சொல்லவில்லை. நாளை கோணி ஊசியோடு வருகிறாளாம்.