அப்பத்தாவின் தஞ்சாவூர் ஓவியம்: நகைக்கடை எக்ஸ்ரே எந்திரத்தில் காட்டலாமா?

தேக்கா பேரன்:
அப்பத்தா கும்பகோணத்திலிருந்து கொண்டுவந்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்று எங்கள் சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கிறது. வெண்ணெய்க் கிருஷ்ணர். தங்க ரேக்கு சில இடங்களில் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பின்னால் உள்ள பச்சைத் திரை உதிர்கிறது. சட்டம் போடுபவர் ஒருவர், எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுப் புதிதாக எழுதித் தருகிறேன் என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சிராங்கூன் சாலை நகைக்கடைகளில் உரசாமல் உருக்காமல் மாற்றுப் பார்க்கிறார்களே, அந்த எக்ஸ்ரே எந்திரத்தில் வைத்தால் தங்கம் அசலா, படம் எவ்வளவு பழையது என்று தெரியுமா?

பலாப்பலகை:
தம்பி, முதலில் அந்தப் பச்சையை யாரும் சுரண்ட விடாதீர்கள். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலிருந்து பரவிய மரகதப் பச்சைச் சாயத்தில் செம்போடு ஆர்சனிக்கும் உண்டு. உங்கள் படத்தில் இருப்பது அதுவாக இருந்தால், சுரண்டும் தூள் மூச்சில் போவது நஞ்சு.

நான் வேலை பார்ப்பதே நிறமாலைக் கருவிகளோடுதான். நகைக்கடை எந்திரத்துக்கும் அருங்காட்சியகக் கருவிக்கும் தத்துவம் ஒன்றே. எக்ஸ் கதிர் பட்டதும் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலில் கதிரை உமிழும். ஆனால் கடை எந்திரம் கெட்டியான நகைக்காக அளவு திருத்தப்பட்டது. உங்கள் ரேக்கு மெல்லியது, அடியில் சுண்ணப்பூச்சு, துணி, பலகை. கதிர் ரேக்கைத் தாண்டிக் கீழேயும் போகும். தங்கம் உண்டா இல்லையா என்று தெரியும், ஆனால் திரையில் வரும் மாற்று எண்ணை நம்ப முடியாது.

என்னைக் கேட்டால் தங்கத்தைவிடச் சாயங்கள்தான் அதிகம் பேசும். சிவப்பில் பாதரசம் வந்தால் சாதிலிங்கம், ஈயம் வந்தால் செவ்வீயம். வெள்ளையில் டைட்டானியம் வந்தால் அந்த இடத்தை எழுதியது ஏறக்குறைய 1920க்கு இப்பால்தான். அதுவும் பின்னாளில் யாரோ திருத்திய இடமாக இருக்கலாம், அதனால் பல இடங்களில் பார்க்க வேண்டும். மஞ்சளில் இன்னும் கவனம் தேவை. கருவி வரையும் கோட்டுப் படத்தில் ஒவ்வொரு தனிமமும் தன் ஆற்றலில் ஒரு முகடாகத் தெரியும். ஆர்சனிக்கின் முக்கிய முகடும் ஈயத்தின் முகடும் 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் அருகே ஒன்றன்மேல் ஒன்று விழும். ஈயத்தைப் பார்த்துவிட்டு, ஆர்சனிக் உள்ள அரிதார மஞ்சள் என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடலாம். ஈயமாக இருந்தால் 12.6 அருகே இன்னொரு முகடு வரும், அதைத் தேடிப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும். அவுரி நீலம் இந்தக் கருவிக்குத் தெரியவே தெரியாது. அதற்கு லேசர் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ராமன் நிறமாலை வேண்டும்.

வளையல்கடை:
அண்ணன் சொல்வது சரி. நான் நகைக்கடையில் வேலை செய்கிறேன். எங்கள் பெட்டிக்குள் சங்கிலி, வளையல் வைக்கத்தான் இடம், பலகை நுழையாது.

தேக்கா பேரன்:
நன்றி அண்ணே. ராமன் என்றால் நம் சி.வி.ராமனா? லேசர் பட்டால் படம் கெடாதா?

பலாப்பலகை:
அவரேதான். 1928இல் கல்கத்தாவில் அவர் கண்ட விளைவு. நீங்கள் கேட்ட பயம் நியாயமானது, ஈயச் சாயங்கள் லேசர் சூட்டில் கறுத்துப்போகும். அதனால் மிகக் குறைந்த திறனில், ஓரமாகப் பார்த்துத் தொடங்குவார்கள்.

உதிர்வதை நிறுத்த அகச்சிவப்பு நிறமாலை இன்னும் உதவும். சாயத்தைப் பிடித்திருப்பது பிசினா, எண்ணெயா, மேலே வார்னிஷ் பூசியிருக்கிறதா என்று அது காட்டும். பிசின் என்றால் தண்ணீர் கலந்த பசை பட்டதும் கரைந்துவிடும், ரிப்பேர் செய்பவருக்கு இது தெரிந்தே ஆக வேண்டும். கேம்பல் லேன் இந்திய மரபுடைமை நிலையத்தில், இப்படிப்பட்ட ஓவியம் பார்க்கும் பாதுகாப்பு வல்லுநர் யார் என்று விசாரியுங்கள்.

அதுவரை படத்தை மேசைமேல் முகம் மேலாகப் படுக்க வையுங்கள். ஏர்கான் காற்று நேரே படக் கூடாது, துடைக்கவும் கூடாது. பிளாஸ்டிக்கில் சுற்றினால் இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். உதிர்ந்த துண்டுகளைக் கையால் தொடாமல் காகித உறைகளில் சேர்த்து, எந்த இடத்திலிருந்து விழுந்தது என்று உறைமேல் எழுதிவிடுங்கள். அந்தத் துண்டுகளை வைத்தே பாதி ஆய்வை முடிக்கலாம், படத்தைத் தொடவே வேண்டாம்.