பேருந்தில் ஸ்பீக்கர் போட்டு காமெடி பார்க்கலாமா?

ஜன்னலோரம்:
நேற்று மாலை பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இருந்தவர் போனில் காமெடி காட்சிகளைச் சத்தமாக ஓடவிட்டபடி வந்தார். பாதிக் காட்சியில் ஒரு விளம்பரம் குறுக்கே வந்தது, காட்சியைவிடப் பெரிய சத்தத்தில். பக்கத்துப் பெண்ணின் மடியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை திடுக்கிட்டு எழுந்து அழுதது. அந்த அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்து, வெளியே தெரிந்த காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். இறங்கும் வரை கையை எடுக்கவில்லை. ஹெட்போன் இல்லாமல் பேருந்தில் வீடியோ பார்க்கவே கூடாது என்பது என் கட்சி.

கடைசிசீட்:
நான் எதிர்க்கட்சி. பேருந்து என்ன நூலகமா? எஞ்சின், ஹாரன், ஆளாளுக்குப் பேச்சு. இத்தனைக்கும் நடுவில் காமெடி மட்டும் காதைக் குத்துகிறதா?
ஒருமுறை நான் போன வண்டி நடுவழியில் பழுதாகி நின்றுவிட்டது. ஒன்றரை மணி நேரம், எல்லோர் முகத்திலும் எரிச்சல். ஒரு பெரியவர் பழைய காமெடி ஒன்றைப் போட்டார். முதலில் பக்கத்து சீட் சிரித்தது, அப்புறம் நாலு வரிசை. அடுத்த வசனத்தை ஒரு பையன் முந்திக்கொண்டு சொல்ல, மொத்த வண்டியும் சிரித்தது. அவர் ஹெட்போன் மாட்டியிருந்தால் அது நடந்திருக்குமா?
சிரிப்புக்குக் கூட்டம் வேண்டும். அமெரிக்க டிவியில் 1950களிலேயே பதிவு செய்த சிரிப்பொலியைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டார்கள். சார்லஸ் டக்ளஸ் என்ற ஒலிப் பொறியாளர் அதற்கென்றே ஒரு பெட்டி செய்து வைத்திருந்தார். வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பவருக்கும் நாலு பேர் சிரிப்பது கேட்க வேண்டியிருக்கிறது.

ஜன்னலோரம்:
அன்று நடந்தது அழகு, மறுக்கவில்லை. ஆனால் எஞ்சினையும் பேச்சையும் ஒரே தராசில் வைக்காதீர்கள். எஞ்சின் சத்தம் ஒரே சீராக வருவதால் சிறிது நேரத்தில் மனம் அதை ஒதுக்கிவிடும். பேச்சு அப்படி இல்லை. போனில் ஒருவர் பேசுவது மட்டும் கேட்டு, மறுமுனை கேட்காமல் போனால் கவனம் இன்னும் அதிகமாகச் சிதறுகிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010இல் சோதித்துக் காட்டினார்கள். அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க முடியாததால் மனம் அதிலேயே மாட்டிக்கொள்கிறது. திரை தெரியாமல் வசனம் மட்டும் கேட்கிற எனக்கும் அதே பாடுதான்.

தூறல்:
விளம்பரச் சத்தத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். விளம்பரத்தின் உச்ச ஒலி நிகழ்ச்சியின் உச்ச ஒலியைத் தாண்டியிருக்க வேண்டும் என்பதில்லை. நிகழ்ச்சியில் முணுமுணுப்பும் இருக்கும், கத்தலும் இருக்கும். விளம்பரத்தில் தாழ்ந்த ஒலிகளையும் மேலே தூக்கி, தொடக்கம் முதல் முடிவு வரை உச்சத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்திவிடுவார்கள். காதுக்கு அது பெரிய சத்தமாகத்தான் கேட்கும். இதைத் தடுக்க அமெரிக்காவில் 2010இல் தனிச் சட்டமே போட்டார்கள், 2012 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அது டிவி ஒளிபரப்புக்கான சட்டம். போனில் குறுக்கே வரும் விளம்பரத்தை அது தொடாது.
இன்னொன்று, நல்ல காமெடிக்குச் சத்தமே தேவையில்லை. பேசும் படம் வந்துவிட்ட பிறகு, 1931இல், சாப்ளின் 'சிட்டி லைட்ஸ்' படத்தை வசனம் இல்லாமல்தான் எடுத்தார். அதில் வரும் குத்துச்சண்டைக் காட்சியை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள், ஒன்றும் குறையாது. நான் பேருந்தில் அப்படித்தான் பார்க்கிறேன்.

கடைசிசீட்:
சாப்ளினுக்கு அது சரி. 1964இல் வந்த 'காதலிக்க நேரமில்லை' படத்தில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்கிற காட்சியை ஒலியில்லாமல் பாருங்கள். பாலையாவின் முகம் கிடைக்கும், அதுவே பெரிய விருந்துதான். ஆனால் அந்த முகத்தில் பயம் ஏறுவது நாகேஷின் குரலால். குரல் எழும்பும்போது அவர் கண் விரிகிறது, தாழும்போது உடம்பு ஒடுங்குகிறது. பாதியை எடுத்துவிட்டு முழுசு என்று சொல்லாதீர்கள். நம் காமெடியின் உயிர் பேச்சில் இருக்கிறது.
சரி, ஒரு யோசனை. போடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவர்களிடம் "போடலாமா?" என்று கேட்டுவிட்டால் போதாதா?

இரவுப்பணி:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டுதான் இருந்தேன். நான் இரவு ஷிப்ட் முடித்துக் காலைப் பேருந்தில் வீடு திரும்புகிறவன். வீட்டுக்குப் போனதும் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்ப வேண்டும். பேருந்தில் கிடைக்கும் 40 நிமிடத் தூக்கம்தான் அன்றைய முதல் தூக்கம். நாகேஷ் எனக்கும் உயிர். ஆனால் அந்த நேரத்தில் அவர் குரல்கூட வேண்டாம். கேட்டுவிட்டுப் போடலாம் என்கிறீர்கள். தூங்குகிறவனிடம் எப்படிக் கேட்பீர்கள்?

கடைசிசீட்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை, நண்பரே. காலை வண்டியில் இனி போட மாட்டேன். ஆனால் ஹெட்போன் கட்டாயம் என்று விதி போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்தப் பெரியவருக்குக் காது மந்தம். போனைக் காதோடு ஒட்டி வைத்துத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். அவரைப் போய் யார் நிறுத்தச் சொல்வது?

ஜன்னலோரம்:
நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பக்கத்தில் இடம் இருந்தால் உட்கார்ந்து, என் ஹெட்போனைக் கொடுத்துப் பார்ப்பேன்.