ஒரே குடும்பத்தில் பித்தப்பைக் கல்லும் சிரோசிஸும்: மரபணுத் தொடர்பு உண்டா?

கேள்வி: மலையோரச் செவிலி, குலசேகரம்

ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். மூத்த மகளுக்கு 28 வயது, ஒல்லியான உடம்பு. கல் என்று பித்தப்பையை லேப்பராஸ்கோப்பியில் எடுத்தாயிற்று. ஒரு வருடத்துக்குள் வலது விலாவுக்குக் கீழே அதே வலி. தாய்க்கு இரண்டு பேறுகாலத்திலும் ஏழாம் மாதத்துக்கு மேல் உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் தாங்க முடியாத அரிப்பு. தாயின் தம்பி குடிக்காதவர், சுகரும் இல்லை. 46 வயதில் சிரோசிஸ், அதாவது ஈரல் வடுவாகி இறுகிப்போனது. இளைய மகளை அந்த மாமன் மகனுக்குப் பேசி வைத்திருக்கிறார்கள். "கல்லு வேற, ஈரல் வேற" என்கிறார்கள் வீட்டில். தற்செயல்தானா? எந்தப் பரிசோதனையை முதலில் செய்வது?

பதில்: பேச்சிப்பாறை

தற்செயல் என்று விடாதீங்க அக்கா. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏபிசிபி4 மரபணு. பாஸ்பட்டிடைல்கோலின் என்ற கொழுப்பைக் கல்லீரல் செல்லிலிருந்து பித்தநீருக்குள் தள்ளும் புரதம் இந்த மரபணுவில் இருந்துதான் வருகிறது. பித்த உப்பு சோப்பு மாதிரி, செல்லின் சவ்வையே கரைத்துவிடும். பாஸ்பட்டிடைல்கோலின் கூடவே இருக்கும்வரை அந்தக் குணம் அடங்கியிருக்கும், கொலஸ்ட்ராலும் கரைந்தே நிற்கும். அது குறைந்தால் இரண்டு கேடு. கொலஸ்ட்ரால் படிகமாகிக் கல்லாகும். அடங்காத பித்த உப்பு நாளங்களின் உள்சுவரை அரித்து வடுவாக்கும். அந்த வடு வருடக்கணக்கில் ஏறினால் சிரோசிஸ். கல்லும் சிரோசிஸும் ஒரே வேரிலிருந்து வருகிற தெளிவான உதாரணம் இது.

மூத்த மகளிடம் பார்க்க வேண்டிய அடையாளங்கள் மூன்று: 40 வயதுக்குள் தொந்தரவு தொடங்கியது, பை எடுத்த பிறகும் வலி திரும்பியது, கல்லீரலுக்குள் இருக்கும் நாளங்களில் நுண்கற்கள். இரண்டு இருந்தாலே, பாஸ்பட்டிடைல்கோலின் குறைவால் கல் வரும் எல்பிஏசி எனும் நோய் என்று எடுத்துக்கொண்டு மேலே போவார்கள். தாயின் பேறுகால அரிப்பும் பித்தநீர் தேங்குவதால் வருவது, அதே பக்கம்தான் காட்டுகிறது.

தவறு நடப்பது ஸ்கேன் அறையில். பை இல்லை என்றதும் பார்க்க ஒன்றும் இல்லை என்று முடித்துவிடுவார்கள். சீட்டில் "கல்லீரல் உள்நாளங்களில் நுண்கல், வால்நட்சத்திர வால் போன்ற ஒளிக்கோடு (காமெட் டெயில்) உண்டா" என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். 6 மணி நேரம் வெறும் வயிறு.

மருந்து அர்சோடியாக்சிகோலிக் அமிலம். கிலோவுக்கு 10 மி.கி. சுற்றி டாக்டர் தீர்மானிப்பார். 60 கிலோ என்றால் நாளுக்கு 300 மி.கி. மாத்திரை இரண்டு. வலி நின்றதும் நிறுத்துவதுதான் பெரும் பிழை, கல் திரும்ப வரும். இன்னொன்று, நீங்கள் கொடுக்கும் மாலா-என் கருத்தடை மாத்திரை இந்தப் பெண்ணுக்கு வேண்டாம். அதிலிருக்கும் ஈஸ்ட்ரோஜன் பித்தநீர் ஓட்டத்தை மந்தப்படுத்தும். காப்பர்-டி நல்லது.

பதில்: தக்கலை லேப்

பேச்சிப்பாறை சொன்னது மகளுக்குப் பொருந்துகிறது. மாமாவின் சிரோசிஸை அதற்குள் அதே கணக்கில் சேர்க்க வேண்டாம். முதலில் ஹெபடைடிஸ் பி, சி, ஏஎன்ஏ (எதிர்ப்புச் சக்தி ஈரலையே தாக்குகிறதா என்று பார்க்க), ஃபெரிட்டின் (இரும்பு), செருலோபிளாஸ்மின் (தாமிரம்) பார்த்தாயிற்றா? குடிக்காதவருக்கும் கொழுப்பு ஈரலில் இருந்து சிரோசிஸ் வரும். 2008-ல் கண்டறிந்த பிஎன்பிஎல்ஏ3 என்ற மரபணுவின் மாறுபாடு அந்த வழியில் வேலை செய்கிறது. பித்தநீருக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. அதேபோல் 2007-ல் தெரியவந்த ஏபிசிஜி8 மரபணுவின் மாறுபாடு பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டிக் கல்லை உண்டாக்கும், ஈரலில் வடு போடாது. ஸ்வீடனின் இரட்டையர் ஆய்வில் பித்தக்கல்லுக்கு மரபணுவின் பங்கு ஏறக்குறைய 25 சதவீதம்தான் வந்தது.

மாமாவுக்கும் கல் இருந்தால் அது சிரோசிஸின் விளைவாகவே இருக்கலாம். வீங்கிய மண்ணீரல் சிவப்பணுக்களை உடைக்கும், பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி கூடும், கறுப்பு நிறமிக் கல் உண்டாகும். அவருக்கு ரத்தத்தில் ஜிஜிடி, ஏஎல்பி என்ற ஈரல் நொதிகள் கூடி நின்றால் பித்தநாள வழி என்று நினைக்க இடமிருக்கிறது. கூடவே பிளேட்லெட், ஈரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் (3 மணி நேரம் வெறும் வயிறு). காரணம் எதுவானாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட், ஈரல் புற்று முளைக்கிறதா என்று பார்க்க.

மலையோரச் செவிலி

மாமாவுக்கு பி, சி இரண்டும் நெகட்டிவ். ஜிஜிடி கூடுதல். கல்யாணம் பற்றி என்ன சொல்வது?

பதில்: பேச்சிப்பாறை

ஜிஜிடி கூடுதல் என்றால் சந்தேகம் வலுக்கிறது. வரிசை முக்கியம். ஸ்கேனும் ரத்தப் பரிசோதனைகளும் ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் முடித்து, அந்த ரிப்போர்ட்டுகளோடு திருவனந்தபுரத்திலோ நெல்லையிலோ கல்லீரல் டாக்டரைப் பாருங்கள். மரபணுப் பரிசோதனை முதலில் மூத்த மகளுக்கு. ஊதா மூடி இடிடிஏ குழாயில் 3 முதல் 5 மி.லி. ரத்தம் போதும். மாறுபாடு கிடைத்தால் அந்த ஓர் இடத்தை மட்டும் தாய், மாமா, பிறகு பெண், மாப்பிள்ளை என்று பார்க்கலாம். செலவு வெகுவாகக் குறையும். "பொருள் நிச்சயமில்லாத மாறுபாடு" என்று ரிப்போர்ட் வந்தால் அதை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது.

பெண், மாப்பிள்ளை இருவரிடமும் ஏபிசிபி4 பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்குத் தாய், தகப்பன் வழி வரும் இரண்டு பிரதியும் பழுதாகி வரும். சிறு வயதிலேயே அரிப்பு, மஞ்சள், சிரோசிஸ். சிலருக்கு மாற்று ஈரல் வரைக்கும் போகும். ஒருவரிடம் மட்டும் இருந்தால் அந்த ஆபத்து இல்லை. ஆனால் இளைய மகளிடம் இருந்தால், பேறுகாலத்தில் அரிப்பு வந்த உடனே பித்த அமிலம் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 100 மைக்ரோமோல் தாண்டினால் வயிற்றிலேயே பிள்ளை இறக்கும் அபாயம் கூடும்.

மூத்த மகளிடம் ஒன்றும் கிடைக்காவிட்டால், எல்பிஏசி இல்லை என்று ஆகாது. நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கே ஏபிசிபி4 மாறுபாடு தென்படுகிறது. அப்போது பெண், மாப்பிள்ளைக்குச் சோதனை செய்து பயனில்லை. மாத்திரை மட்டும் தொடரட்டும்.

பதில்: தக்கலை லேப்

ஒன்று விட்டுப்போயிற்று. மூத்த மகளுக்குக் குளிர்சுரமும் மஞ்சளும் சேர்ந்து வந்தால், சிறுநீர் கடுத்து மலம் வெளுத்தால், கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்க விடாதீங்க. பொது பித்தநாளத்தில் கல் அடைத்துச் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே இஆர்சிபி (வாய் வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளக் கல்லை எடுக்கும் முறை) வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போகணும்.