‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்று எழுதலாமா? ‘ஏமம்’ குறித்து

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். செவிலியத் துறையில் வழங்கும் ‘cultural safety’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் இழையில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். கோயில் சிற்பங்களையும் தெருக்கூத்தையும் அழியாமல் காப்பது என்றுதான் அந்தத் தொடர் காதில் விழுகிறது. இங்கே காக்க வேண்டியது பண்பாட்டை அல்ல, கட்டிலில் படுத்திருக்கும் ஆளை.

இந்தக் கருத்து நியூசிலாந்தில் பிறந்தது. சட்டப்படி பாதுகாப்பு, சிகிச்சையில் பாதுகாப்பு எல்லாம் கற்றுத்தருகிறீர்களே, எங்கள் பண்பாட்டுக்கு என்ன வழி என்று 1988இல் அந்நாட்டுப் பூர்வகுடியான மாவோரி இனத்து மாணவி ஒருவர் கேட்டார். செவிலியப் படிப்பில் சேர்ந்திருந்தவர். அந்தக் கேள்வியைக் கோட்பாடாக வளர்த்தெடுத்தவர், தாமும் மாவோரிச் செவிலியரான இரிஹபெத்தி ராம்ஸ்டன். 1992இல் அந்நாட்டுச் செவிலியர் கவுன்சில் அதைப் படிப்பின் கட்டாயப் பகுதியாக்கியது.

ராம்ஸ்டன் மூன்று படிகள் சொன்னார். நோயாளியின் பண்பாடு வேறு என்று அறிதல், அதை உணர்தல், அதற்கு மேல் நாம் பெயர் தேடும் இந்த ‘safety’. முதலிரண்டும் செவிலியருக்குள் நடப்பவை. மூன்றாவது கிடைத்ததா என்று சொல்லவேண்டியவர் நோயாளி. அதனால்தான் இங்கே வந்த ‘பண்பாட்டு மதிப்பு’, ‘ஊறு செய்யாமை’ இரண்டும் எனக்கு நிறைவு தரவில்லை. நான் மதித்தேன், ஊறு செய்யவில்லை என்று செவிலியரே சொல்லிக்கொள்ள அவை இடம் கொடுக்கின்றன.

ஒரு தலையணையை எடுத்துக்கொள்ளுங்கள். மாவோரிக்குத் தலை புனிதம். தலைக்கு வைத்த தலையணையை உட்காரவோ கால் தாங்கவோ எடுத்துக்கொடுத்தால் அவர் கூசிப்போவார். கொடுத்தவருக்கு அது தெரியவே தெரியாது. சர்க்கரை நோயில் ஒருவரின் காலை எடுக்க நேர்கிறது என்று வையுங்கள். எடுத்த பகுதியைத் திருப்பித் தரட்டுமா என்று முதலிலேயே கேட்க வேண்டும். அது மண்ணுக்குப் போகவேண்டியது. நிலத்துக்கும் நஞ்சுக்கொடிக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல்தான், ஃபெனுவா. எடுத்த காலை அவரைக் கேட்காமல் குப்பையில் சேர்த்துவிட்டால், புண் ஆறினாலும் அவர் மறுபடி அந்த வாசலை மிதிப்பாரா? வராமல் போனால் அடுத்த காலுக்கும் ஆபத்து.

என் முன்மொழிவு: பண்பாட்டு ஏமம்.

ஏமம் என்றால் காவல், அரண். இன்பம் என்றும் பொருள் உண்டு. குறளில் ‘நாடு’ அதிகாரம் பிணியின்மையையும் ஏமத்தையும் ஒரே அடுக்கில் வைக்கிறது. முக்கியமாக, ஏமம் ஒருவர் எய்துவது. தந்தேன் என்று மற்றவர் அறிவித்துவிட முடியாது. மாவோரிகள் இதற்கு வைத்த பெயரில் வரும் ‘ஃபகருருஹௌ’வும் ஒதுங்க இடம் தந்து காப்பதைத்தான் குறிக்கிறது.

பழஞ்சொல், வழக்கில் இல்லை என்பீர்கள். உண்மைதான். நோயாளியிடம் நீட்டும் படிவத்தில் இதை எழுத மாட்டேன். ‘இங்கே நீங்கள் நீங்களாகவே இருக்க முடிந்ததா?’ என்று கேட்டால் போதும். பாடநூலுக்கும் சட்டத்துக்கும் ஏமம் இருக்கட்டும்.

‘resilience’ என்பதற்கு ‘மீள்திறன்’ சரியா என்று கூடவே கேட்டிருந்தது பற்றி: பேரிடருக்குப் பொருந்தும், நாள்பட்ட நோய்க்குப் பொருந்தாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிறவர் எங்கிருந்து மீள்வது? நோய்க்கு ஈடுகொடுத்து வாழ்கிறார் என்றுதானே சொல்கிறோம். ‘ஈடுகொடுதிறன்’ என்று வைக்கலாம். மாவோரிகளிடையே அது தனியாளின் நெஞ்சுரம் மட்டுமல்ல. மாவோரி மனநல மருத்துவர் மேசன் டூரி 1984இல் உடல்நலத்தை நான்கு சுவர் வீடாக வரைந்தபோது குடும்பத்தையும் ஒரு சுவராக வைத்தார். இந்தக் கூட்டுப்பொருள் என் சொல்லில் வரவில்லை. யாருக்காவது இதைவிட நல்லது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்