பிராக், புடாபெஸ்ட், வியன்னா: கிறிஸ்துமஸ் விடுமுறையில் கைகொடுத்தவர்கள்

ஜெர்மனியில் முதுகலை படிக்க வரும் நம் பிள்ளைகள் முதல் குளிர்காலத்தில் தவறாமல் கேட்கிற கேள்வி, கிறிஸ்துமஸ் லீவுக்கு எங்கே போகலாம் என்பதுதான். டிசம்பர் 20 தாண்டினால் வகுப்பு இருக்காது, ஜனவரி முதல் வாரம்தான் மறுபடி தொடங்கும். விடுதியே வெறிச்சோடிவிடும். நாங்கள் இருந்தது டிரெஸ்டனில். அங்கிருந்து பிராகுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம். அப்படியே புடாபெஸ்ட், வியன்னா பார்த்துவிட்டு வரலாம் என்று நானும் என் அறைத்தோழனும் கிளம்பினோம். அவன் சேலத்துக்காரன், சுத்த சைவம். அதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் வரும்.

அந்த ஊர்களின் அழகை எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். வழியில் வந்த சிக்கல்களையும், அந்தந்த நேரத்தில் எங்கிருந்தோ வந்து பக்கத்தில் நின்ற மனிதர்களையும் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

முதல் சிக்கல் பிராகிலேயே வந்தது. செக் நாட்டில் யூரோ கிடையாது, கொருனா. பழைய நகரச் சதுக்கத்துக்குப் போகும் தெரு ஒன்றில், கமிஷன் இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த ஒரு கடையில் நண்பன் 100 யூரோ மாற்றினான். அன்றைக்கு ஒரு யூரோவுக்கு 25 கொருனா பக்கம் விலை. இவன் கையில் வந்தது 1,700 சொச்சம். கமிஷன் இல்லைதான், ஆனால் அவர்கள் வைத்திருந்த விலையே அடிமாட்டு விலை. அவன் நோட்டுகளைத் திரும்பத் திரும்ப எண்ணுவதை எதிரே சூடான ஆப்பிள் சாறு விற்றுக்கொண்டிருந்த பெண் பார்த்துவிட்டார். வந்து ரசீதைக் கேட்டார். அதில் அச்சாகியிருந்த நேரத்தின் மேல் விரலை வைத்து, "இன்னும் மூன்று மணி நேரம் ஆகவில்லை, வாங்க" என்றார்.

2019 ஏப்ரலிலிருந்து அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. 1,000 யூரோ வரை மாற்றிய பணத்தை, மூன்று மணி நேரத்துக்குள் ரசீதோடு போனால் அதே விலையில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. அந்தப் பெண் கடையைக் கூட இருந்தவரிடம் விட்டுவிட்டு எங்களோடு நடந்து வந்தார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆளிடம் செக் மொழியில் இரண்டே வாக்கியம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு ஐம்பது யூரோ நோட்டுகளை நகர்த்தினார். நாங்கள் நன்றி சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் தன் கடைக்குத் திரும்பி ஓடிவிட்டார். பிராக் போகிறவர்கள் பணமே மாற்ற வேண்டியதில்லை என்பது என் கருத்து. பெரும்பாலான இடங்களில் கார்டு செல்லும். அப்படியே மாற்றினாலும் ரசீதைக் கீழே போடாதீர்கள்.

அப்புறம் 1410ஆம் ஆண்டின் வானியல் கடிகாரம், சார்லஸ் பாலம் எல்லாம் பார்த்தோம். கூட்டம் தாங்கவில்லை. விடியற்காலையில் போனால் பாலம் உங்களுக்கே.

24ஆம் தேதி காலை புடாபெஸ்ட் ரயில். ப்ரனோ, பிராத்திஸ்லாவா வழியாக ஏழு மணி நேரப் பயணம், மதியத்துக்குப் பிறகு போய்ச் சேர்ந்துவிடும் என்று கணக்கு. ஸ்லோவாக்கியாவில் ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் ரயில் நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. மின்கம்பியில் கோளாறு என்றார்கள். எதிர் இருக்கையில் இருந்த ஹங்கேரிக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்பட்டார். அவர்தான் விஷயத்தைச் சொன்னார்: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் புடாபெஸ்டில் மாலை நான்கு மணிவாக்கில் மெட்ரோ, டிராம், பேருந்து என்று பகல் சேவை எல்லாம் ஓய்ந்துவிடும். ஓட்டுநர்களும் வீட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு சாப்பிட வேண்டுமே. அதன் பிறகு இரவுப் பேருந்துகள் சில மட்டும், நீண்ட இடைவெளி விட்டு வரும்.

நியுகாதி நிலையத்தில் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. அந்த மாதத்தில் அங்கே நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஐஃபல் டவருக்குப் பெயர் கொடுத்த குஸ்தாவ் ஐஃபலின் நிறுவனம் 1877இல் கட்டிய நிலையம் அது, முழுக்க இரும்பும் கண்ணாடியும். அத்தனை பெரிய கூடத்தில் ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்கவில்லை. நாங்கள் பிடித்திருந்த அறை ஆற்றுக்கு அந்தப் பக்கம், புடாவில். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். மார்கிட் பாலம் நடுவில் முழங்கை போல வளைந்திருக்கும். அந்த வளைவில் நின்று இடது பக்கம் பார்த்தால் நாடாளுமன்றத்தின் விளக்குகள் மொத்தமும் டான்யூப் தண்ணீரில். பசி, குளிர் எல்லாவற்றையும் மீறி இரண்டு பேரும் நின்றுவிட்டோம்.

அறை இருந்த கட்டடத்துக்கு வந்தால் கதவு ஓரம் சாவிப் பெட்டி. வாடகைக்கு விட்டவர் அனுப்பிய எண்ணைப் போட்டால் திறக்கவில்லை. அவருடைய தொலைபேசி அணைந்திருந்தது. நண்பனுடைய போன் குளிரில் தானாகவே செத்துப்போனது, என்னுடையதில் கொஞ்சம்தான் சார்ஜ். கால் விரல்கள் மரத்துப்போகத் தொடங்கின. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது, உள்ளேயிருந்து கதவு திறந்தது. குப்பைப் பையோடு ஒரு பாட்டி. எங்களுக்கு ஹங்கேரிய மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டு தரப்புக்கும் பொதுவாக இருந்தது அரைகுறை ஜெர்மன். சாவிப் பெட்டியைக் காட்டினோம். அவர் எங்கள் காலணிகளைப் பார்த்தார், பனி ஒட்டியிருந்தது. "முதலில் உள்ளே வாங்க" என்றார்.

வீட்டில் அவருடைய மகளும் பேரனும் இருந்தார்கள். கிறிஸ்துமஸ் மரத்தில் பளபளக்கும் காகிதம் சுற்றிய மிட்டாய்கள் தொங்கின. மிட்டாயைக் கட்டித் தொங்கவிடுவது அந்த நாட்டு வழக்கம். மேஜையில் மிளகாய்த்தூள் போட்ட சிவப்பு மீன் சூப், அன்றைய இரவுக்கு அதுதான் அங்கே முக்கியமான சாப்பாடு. என் முன்னால் ஒரு கிண்ணம் வந்தது. நண்பன் கையைக் கூப்பினான். பாட்டிக்கு ஒரு நொடிதான் குழப்பம். உள்ளே போய் அவித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், ரொட்டி என்று அடுக்கினார். கடைசியாக பெய்க்லி. நீளமாகச் சுருட்டிச் சுட்ட பண்டம், மேல்தோல் பழுப்பு நிறத்தில் மினுமினுப்பாக, மெல்லிய வெடிப்புகளோடு இருந்தது. அதைக் குறுக்கே வெட்டினால் உள்ளே கறுப்பாக ஒரு சுருள். நண்பன் ஒரு கடி கடித்துவிட்டு, "டேய், இது கசகசாடா!" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் தட்டில் மறுபடி மறுபடி துண்டு விழுந்தது. அக்ரூட் வைத்தது ஒன்று, கசகசா வைத்தது ஒன்று என்று இரண்டு வகை செய்வார்களாம்.

வாடகைக்கு விட்டவரின் தம்பி அதே தெருவில் இருப்பது மகளுக்குத் தெரிந்திருந்தது. இரவு அவர் மாற்றுச் சாவியோடு வந்து சேர்ந்தார். பெட்டியின் எண்ணை மாற்றியதை அண்ணன் எங்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான் விஷயம். கிளம்பும்போது பேரன் மரத்திலிருந்து மிட்டாய்களைப் பறித்து எங்கள் சட்டைப் பையில் போட்டான். முன்பின் தெரியாத இரண்டு பேரை பண்டிகை இரவில் வீட்டுக்குள் விடுவது சின்ன விஷயம் இல்லை. அதை அந்த வீட்டில் யாரும் பெரிதாக நினைத்ததாகவே தெரியவில்லை.

மற்ற நாட்களில் செச்செனி வெந்நீர்க் குளம், 1896இல் ஓடத் தொடங்கிய மஞ்சள் மெட்ரோ எல்லாம் ஆயிற்று.

வியன்னாவுக்குப் புத்தாண்டு இரவுக்காகவே போனோம். நள்ளிரவில் புனித ஸ்டீபன் பேராலயத்தின் பும்மரின் மணி அடிக்கும். துருக்கியரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி 1711இல் வார்த்த மணி 1945 தீயில் விழுந்து நொறுங்கியது. அதன் துண்டுகளையும் சேர்த்து மறுபடி வார்த்தது இப்போது இருப்பது, எடை 20 டன். அந்த ஒலி காதில் கேட்பதைவிட நெஞ்சில்தான் கேட்டது. மணி ஓய்ந்ததும் ஒலிபெருக்கியில் ஸ்ட்ராஸின் டான்யூப் வால்ட்ஸ் நடன இசை. தெருவில் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் ஜோடி சேர்ந்து ஆடினார்கள். வயதான ஒரு தம்பதி எங்களைப் பிடித்து அடி எடுத்து வைக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.

அந்த நெரிசலில் யாரோ நண்பனின் பர்ஸை எடுத்துவிட்டார்கள். வங்கி அட்டை, மாணவர் அட்டை, கூடவே ஜெர்மன் வதிவிட அட்டை. பாஸ்போர்ட் மட்டும் உள்பையில் தப்பித்தது. அதில் இருந்த விசாவோ காலாவதியானது. அதாவது ஜெர்மனிக்குள் திரும்பப் போக அவன் கையில் செல்லுபடியாகும் காகிதம் ஒன்றுகூட இல்லை.

இதே நிலை யாருக்காவது வந்தால்: முதலில் 116 116 என்ற எண்ணுக்குப் போன் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து என்றால் முன்னால் ஜெர்மனியின் 49 சேர்க்க வேண்டும். பெரும்பாலான வங்கி அட்டைகளையும், வதிவிட அட்டையின் மின்னணு அடையாளத்தையும் அங்கேயே முடக்கலாம். அடுத்தது காவல் நிலையம். வியன்னாவில் அந்த அதிகாலையிலும் ஒரு காவலர் பொறுமையாக உட்கார்ந்து, அட்டையின் எண் வரை குறித்துப் புகார்ச் சான்று அடித்துக் கொடுத்தார். நண்பன் அட்டையின் இரு பக்கத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் வைத்திருந்தான். அது பெரிய உதவி.

திரும்பியது பேருந்தில், பிராக் வழியாக. செக் எல்லையில் ஜெர்மனி 2023 அக்டோபரிலிருந்து சோதனை வைத்திருக்கிறது. போலீஸார் ஏறி எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தார்கள், நண்பனை மட்டும் கீழே இறக்கினார்கள். நானும் கூடவே இறங்கினேன். புகார்ச் சான்று, அட்டையின் படம், பல்கலைக்கழகச் சேர்க்கைச் சான்று மூன்றையும் நீட்டினான். வெளிநாட்டவர் மையப் பதிவேட்டில் அவன் பெயரைத் தேட வேண்டும் என்று ஓர் அதிகாரி வண்டிக்குள் போனார். நேரம் ஓடியது. பேருந்தில் சலசலப்பு. ஒருவர் இறங்கி வந்து, இவர்களை விட்டுவிட்டுப் போகலாமே என்றார். ஐம்பது வயதைத் தாண்டிய ஓட்டுநர் அவரைப் பார்த்து, "ஏற்றிய ஆளை இறக்கும் வரைக்கும் என் பொறுப்பு" என்று முடித்துவிட்டார். பிறகு தன் இருக்கையில் கிடந்த கனத்த ஜாக்கெட்டை எடுத்து வந்து நண்பனின் தோளில் போட்டார். அவன் நடுங்கியது குளிரால் மட்டும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

பதிவேட்டில் எல்லாம் சரியாக இருந்தது. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்த அதிகாரி, முதல் வேலையாக ஊரில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் புது அட்டைக்கு எழுதச் சொன்னார். நண்பன் மறுநாளே எழுதினான். அட்டை பெர்லினில் அச்சாகி வர வேண்டும் என்பதால் சில வாரங்கள் ஆயின. அதுவரை ஜெர்மனியை விட்டு எங்கும் போகவில்லை.

அடுத்த டிசம்பருக்குப் போலந்தில் க்ராகோவ் போகலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 2025 முதல் அங்கே டிசம்பர் 24ஆம் தேதியே அரசு விடுமுறை. அந்த நாளில் அங்கே இருந்தவர்கள் யாராவது, மாலையில் டிராம் எதுவரை ஓடியது, சைவச் சாப்பாடு எங்கே கிடைத்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும்.