எத்தனால் பெட்ரோல், பயோடீசல்: உங்க பக்கம் எதை அரித்தது?

கோபி பக்கத்து விவசாயி:
பண்ணைக்குட்டையில் தண்ணீர் இறைக்க ஒரு சின்னப் பெட்ரோல் பம்பு வைத்திருக்கிறோம். ஐப்பசி மழை பிடித்ததும் தோட்டத்துச் சாளையில் ஓரங்கட்டியது, தை கழிந்துதான் எடுத்தோம். கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். மெக்கானிக், பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே சுண்ணாம்பு காய்ந்த மாதிரி வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. சுரண்டினால் மாவாக உதிர்ந்தது, அடியில் பொடிப்பொடியாகப் பள்ளம். பெட்ரோல் பாயும் பித்தளை ஜெட்டின் துளையோரம் பச்சை ஏறியிருந்தது.

பெட்ரோலில் கலக்கும் எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நம் நாட்டில் 2022-ல் 10 சதவீதத்தைத் தொட்டார்கள், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் கலந்தது விற்பனைக்கு வந்தது. தண்ணீர் ஓரளவு சேரும்வரை எல்லாம் ஒன்றாகவே கலந்திருக்கும். அளவு மீறினால், இல்லை குளிர் கூடினால், தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். இரும்பு டேங்க், துத்தநாகக் கலவை, அலுமினியம் எல்லாவற்றையும் அரிப்பது அந்த அடித்தண்ணீர்தான். தினமும் ஓடுகிற வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருப்பதால் அதற்கு நேரம் கிடைப்பதில்லை. மைலேஜ் முதல் பஞ்சர் வரை எல்லாவற்றுக்கும் எத்தனாலைத் திட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது, அது எனக்கு ஒப்பவில்லை. ஆனால் மாதக்கணக்கில் நிற்கிற மெஷின் விஷயத்தில் திட்டு நியாயம்தான்.

சந்தேகம் இருந்தால் அளவு ஜாடியில் 80 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கிப் பாருங்க. எத்தனால் தண்ணீரோடு இறங்கிவிடும். 20 சதவீதக் கலவை என்றால் கீழே நிற்கும் தண்ணீர் மட்டம் 35 மில்லியை ஒட்டி ஏறி நிற்கும்.

திருச்செங்கோட்டு ரிக்காரர்:
உங்களுது பெட்ரோல், எங்களுது பயோடீசல், அதாவது தாவர எண்ணெய் மாதிரிப் பொருளில் செய்கிற டீசல் கதைங்க. விலை குறைவு என்று போர்வெல் போடும் ரிக் வண்டியின் கம்ப்ரஸருக்குக் கொஞ்ச காலம் ஊற்றினோம். முதலில் ஃபில்டர் அடைத்தது. டேங்கில் வருசக்கணக்காக ஒட்டியிருந்த கசடை அது கழுவி எடுத்து வந்துவிட்டது. அது போகட்டும். அப்புறம் மிச்ச டீசல் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ட்யூப் உப்பி, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. செம்புக் குழாயின் இணைப்பில் (யூனியன்) பச்சை. டேங்கில் மிஞ்சியது கறுத்துப் புளித்த வாடை அடித்தது. நின்றால் காற்றுப் பட்டு அமிலமாகிவிடும், செம்பும் பித்தளையும் கூட இருந்தால் இன்னும் வேகம் என்றார் பம்பு சர்வீஸ்காரர். வெறும் டீசலுக்கே திரும்பிவிட்டோம்.

கோவை லேத்காரர்:
பழைய மெஷினில் ட்யூபும் ஓரிங்கும் பெரும்பாலும் நைட்ரைல் ரப்பர்தான். எத்தனாலிலும் பயோடீசலிலும் அது உப்பும், மெதுவாகும். மாற்றும்போது எரிபொருளைத் தாங்கும் வைட்டான் ரப்பர் என்று கேட்டு வாங்குங்க. விலை பல மடங்கு, ஆனால் தாங்கும். கார்க் பேக்கிங் இருந்தால் அதையும் தூக்கிவிடுங்க.

@கோபி அண்ணா, மழைக்கு நிறுத்தும்போது டேங்கைக் காலி செய்து, பெட்ரோல் வரும் திருகை (காக்) மூடி, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்க. அப்புறம் கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் திறந்து மிச்சத்தையும் வடித்துவிடுங்க. பள்ளம் விழுந்த கிண்ணத்தை எமரித் தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம், புதுசே மாட்டிக்கோங்க. கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் ஊசி உட்காரும் இடத்தையும் ஒருதரம் பார்த்துவிடுங்க, அங்கே அரித்திருந்தால் பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும்.